ஒரே ஆணியில் தொங்கிய தலைவர்கள்

ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனையில் தெருவோரக் கான் நிரம்பி வாசல்படி வரை தண்ணீர். கடையில் ஆள் குறைவு. தேத்தண்ணீர் குடிக்க வந்தவர்களும் குடையை மடக்காமல் நின்று குடித்துவிட்டுப் போனார்கள். அதனால் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மிஸ் சொன்ன வேலை இது. சனிக்கிழமை எழுத்து வகுப்பில் எல்லோருக்கும் ஒரு கொப்பி கொடுத்தார். "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுதுங்கோ ஐயா. பிழை விட்டாலும் பரவாயில்லை. நான் பாக்க மாட்டன். உங்களுக்காக எழுதுங்கோ."

எனக்காக! எழுபதை நெருங்கும்போது எனக்காக நானே எழுதுகிறேன். போன வருடம் வரை கைநாட்டு.

இன்று செய்ய வேண்டியவை:
சீனி, பால்மா.
காஸ் கடைக்காரனிடம் சொல்ல வேண்டும்.
படம் மாற்ற வேண்டும்.

படம் என்றால் நாட்டுத் தலைவர் படம். தேர்தல் முடிந்து புது ஆள் வந்துவிட்டார். கல்லாவுக்கு மேலே ஒரே ஆணி, ஒரே பிரேம். தலைவர் மாறினால் பழையதை எறிவதில்லை. கட்டாக வெளியே எடுத்து, புதியவரை முன்னால் வைத்து, பின்பலகையை அடித்து மூடிவிடுவேன். போனவர் திரும்பி வருவதும் இந்த நாட்டில் உண்டு. வந்தால் என் கடைக்கு வந்து தேடுவாரா? மாட்டார். ஆனாலும்.

புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய படத்தை வைத்து அமுக்கினேன். பலகை மூடவில்லை. மறுபடி அமுக்கினேன். சின்ன ஆணி தெறித்துச் சம்பல் கிண்ணத்தில் விழுந்தது.

பா. சிரித்தாள். (பாக்கியம், என் மனைவி. முழுதாக எழுதினால் விரல் வலிக்கிறது.)

"பஸ் நெறஞ்சா டிரைவரே நிப்பாட்டாமப் போயிருவான். நீங்க இன்னும் ஆள் ஏத்துறீங்க."

ஒக்டோபர் 8, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. காஸ் வந்தது.

கனடாவிலிருந்து பேத்தி வீடியோவில் பேசினாள். அடுத்த மாதம் கலியாணம். மண்டபத்துத் திரையில் இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிகளின் கலியாணப் படத்தையும் காட்டப்போகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்துவிட்டார்கள்.

"அம்மாச்சி, உங்கட படம்தான் இன்னும் வரேல்ல."

"வரும்டி. தாத்தா அனுப்புவாரு."

போனை வைத்துவிட்டு பா. என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

எங்களிடம் கலியாணப் படம் ஒன்றுதான். அது அந்தப் பிரேமுக்குள், எல்லாத் தலைவர்களுக்கும் பின்னால் இருக்கிறது. பிரேமே அதற்காக வாங்கியதுதான்.

எப்படி உள்ளே போனது என்று எழுதிவைக்கிறேன். தமிழர் கடைகளை எரித்த எண்பத்து மூன்று கலவர ஜூலை. எங்களுக்குக் கலியாணமாகிக் கொஞ்ச நாள். கடையும் வீடும் ஒன்றுதான். பக்கத்துப் பேக்கரி அம்மா சிங்களவர். புகை எழும்பியதும் ஓடி வந்தார். கையில் தன் வீட்டுக் கலண்டரிலிருந்து கிழித்த அன்றைய தலைவரின் படம். இதை மாட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றார். பிரேமைக் கழற்றி, எங்கள் படத்தின் மேல் அதை வைத்து, மூடி, மாட்டிவிட்டு ஓடினோம். பேக்கரியின் மா அறையில் இருந்தோம். பா. வெள்ளையாகிப் போயிருந்தாள், மாவினாலும் பயத்தினாலும்.

திரும்பி வந்தபோது கதிரைகள் இல்லை. அலுமாரி இல்லை. கூரையில் பாதி கரி. பிரேம் மட்டும் ஆணியில். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

அதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று எப்போதும் சொல்வேன். பா.வும் எப்போதும் சொல்லும் பதில்:

"கதிரைய ஒடச்சாங்க. கூரைய எரிச்சாங்க. அத மட்டும் தொடல. அப்ப அது யாரக் காப்பாத்துச்சு? தன்னத்தானே காப்பாத்திக்கிச்சு."

இன்று புதிதாக ஒன்று சேர்த்தாள். "எம் மூஞ்சிக்கு மேல எத்தன பேரு ஒக்காந்துட்டாங்க. போதும். எறக்குங்க."

ஒக்டோபர் 9, புதன்

வெயில். மேசையில் பேப்பர் விரித்துப் பிரேமைத் திறந்தேன். பா. எதிரே நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். படங்களின் கீழே சிங்களத்தில் பெரிதாகவும் தமிழில் சின்னதாகவும் எழுதியிருக்கும். மாட்டியபோது ஒன்றும் தெரியாது. இன்று ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினேன்.

தலைவர்களின் பெயரை எழுதவில்லை. என் கொப்பிதான், யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தும் கை போகவில்லை.

மேலே இருந்தவர்கள் சுலபமாக வந்தார்கள். காஸ் வரிசைக் காலத்தில் இருந்தவர், அதற்கு முன்னவர். தாள் இன்னும் வழவழப்பு.

பிறகு யுத்தம் முடிந்த காலத்துப் படம். அன்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். வாசலில் பாற்சோறு கொடுத்தார்கள். பா. தட்டை நீட்டி வாங்கினாள். அவளுடைய தங்கச்சி குடும்பம் அப்போது வன்னியில், இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு தங்கச்சி முகாமிலிருந்து வந்தாள். தங்கச்சியின் புருஷன் வரவில்லை.

அந்தப் படத்தின் கீழே "சமாதானம்" என்று ஒரு சொல். அதற்குப் பின்னால் இருந்ததிலும் "சமாதானம்". சேலை கட்டிய தலைவரின் படத்திலும் "சமாதானம்". நீளமான சொல், பழகுவதற்கு நல்லது.

சமாதானம்
சமாதானம்
சமாதானம்

மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது.

கடைசியில் பேக்கரி அம்மாவின் கலண்டர்த் தாள். இழுத்தேன். வரவில்லை. இத்தனை வருடத் தேத்தண்ணீர் ஆவி, கடற்காற்று. படத்தோடு ஒட்டிவிட்டது. ஒரு மூலையைக் கிள்ளினேன், வெள்ளையாக ஏதோ பிரிந்தது.

"விடுங்க! விடுங்கன்னா! கிழிஞ்சா நானும் போயிருவேன்!"

விட்டுவிட்டேன். அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். பா. மத்தியானம் சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 10, வியாழன்

மழை. வெறும் ஆணி. வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை அதைப் பார்க்கிறார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. பின்னேரம் பயந்துபோய்ப் புதியவரை டேப்பால் சுவரில் ஒட்டலாமா என்று பார்த்தேன். பா. பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

சார்ஜன்ட் மாத்தயா வந்தார். (மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.) பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பகுதியில்தான் வேலை செய்தார். இப்போது தினமும் என் கடையில் வெறும் தேத்தண்ணீர். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான். தமிழில் எழுதுகிறேன்.

"என்ன முதலாளி, நாட்டில் தலைவர் இல்லையா?"

"சுத்தம் செய்கிறேன், மாத்தயா."

"நாட்டையா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். நகரத்தில் குண்டு வெடித்த அந்த முறை நீங்கள் எல்லோரும் சோதனைக்கு உள்ளே வந்தீர்களே. என் கடையில் ரொட்டி போட்ட செல்வத்தைக் கொண்டுபோனீர்கள். என்னைக் கொண்டுபோகவில்லை. சுவரில் படத்தைப் பார்த்துத்தானே?

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சுவரையா? சுவரை யார் பார்த்தது? நாங்கள் ஆட்களின் கையைப் பார்ப்போம். நடுங்குகிறதா என்று."

"என் கையும் நடுங்கியதே."

"உங்கள் கையில் தேத்தண்ணீர்க் கோப்பை இருந்தது. அது எனக்கு."

குடித்து முடித்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னாரா, பகிடி விட்டாரா என்று தெரியவில்லை.

பா. குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. செல்வம் அன்று மா பிசைந்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்து நின்றவன். கையில் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். ஒரு காது கேட்காது. இப்போது வத்தளையில் மகளோடு இருக்கிறான்.

ஒக்டோபர் 12, சனி

வெள்ளம். களனி ஆற்றுப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் என்கிறார்கள். வகுப்புக்கு மூன்று பேர்தான். கிராண்ட்பாஸிலிருந்து வரும் பாத்தும்மா தாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்) காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எழுத்துப் படிக்க நீந்தி வந்தீக்கிறன், மிஸ். மார்க்ஸ் கூட்டிப் போடுங்க."

மிஸ்ஸிடம் ஒட்டிய படத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளவத்தையில் பழைய ஸ்டூடியோ ஒன்று இருக்கிறதாம். "அந்தாள் பழைய படங்களைத் திருத்திறவர். நீங்கள் இனிக் கை வைக்காதேங்கோ."

பா.விடம் சொன்னேன். "இத நீங்க முந்தியே கேட்டிருக்கலாம்" என்றாள். சாப்பிட்டாள்.

ஒக்டோபர் 14, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் வெள்ளவத்தைக்கு. துவாய்த் துண்டில் சுற்றிப் படம் பா.வின் மடியில்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான். காலி நகருக்குப் போகும் காலி வீதி முழுக்கப் பெயர்ப்பலகைகளை வாசித்தேன். புடைவை மாளிகை. நகை மாடம். பல் வைத்தியர். அரைத்த தூள் இங்கே கிடைக்கும். பம்பலப்பிட்டி தாண்டும்போது பா. தொடையில் தட்டினாள்.

"சத்தம் போட்டு வாசிக்காதீங்க. முன்னாடி இருக்கிறவரு எறங்குற எடத்த விட்டுட்டாரு, ஒங்களக் கேட்டுக்கிட்டே."

சண்டைக் காலத்தில் இதே வீதியில் சோதனைத் தடைகளில் இறங்கி ஏறியது எத்தனை தரம். அப்போது பலகைகளை நான் பார்த்ததே இல்லை. வாசிக்கத் தெரியாததால் மட்டும் இல்லை. தலையைக் குனிந்தே போவோம்.

ஸ்டூடியோக்காரர் மெலிந்தவர், யாழ்ப்பாணத்தவர். மூலையை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, உது நல்லா ஒட்டிப்போட்டுது. தண்ணியிலை போட்டுத்தான் கழட்டவேணும். வந்தால் வரும். வராட்டில் என்னைக் கோவிக்கக் கூடாது."

"எது வராட்டி?" என்று பா. கேட்டாள்.

"அம்மா, முகங்கள்தான்."

தட்டில் தண்ணீர். படத்தை அமிழ்த்தினார். நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். பா. என் கையைப் பிடித்திருந்தாள். கடைத்தெருவில் அவள் அப்படிப் பிடிப்பதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தலைவரை உரித்தார். முதலில் மாலைகள். பிறகு கூறைச் சேலை. பிறகு பா.வின் முகம், மூக்குத்தி, பொட்டு, எல்லாம். ஒரு குறையும் இல்லை. அன்று போட்டோக்காரனை முறைத்தபடி நிற்கிறாள்.

"நாந்தான்" என்றாள். "ஐயோ, நாந்தான்."

என் பக்கத்தில் கோட்டு வந்தது. கழுத்து வந்தது. முகம் வரவில்லை. கலண்டர்த் தாளின் வெள்ளை அங்கே மட்டும் படத்தோடு படமாக ஊறிப்போயிருக்கிறது. காயவைத்துப் பார்த்தார். ஊசியால் கிளறினால் ஓட்டைதான் விழும் என்றார்.

"கொம்பியூட்டரிலை செய்யலாம். இளம் வயசுப் படம் வேறை இருக்கோ? அந்த முகத்தை வெட்டி வைச்சு விடுறன்."

பழைய அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், புது அட்டை வந்த பிறகும்.

பா. அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பி என் பையில் வைத்தாள்.

"வேணாம் தம்பி. இது செக்பொயின்ட் மூஞ்சி. இவரு மூஞ்சி இல்ல."

ஒக்டோபர் 15, செவ்வாய்

வெயில். சீனி முடிந்தது.

படத்தை மாட்டினேன். பா. கூறைச் சேலையில், பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளை வட்டம். தலைவர்கள் எல்லோரையும் பேப்பரில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எறியவில்லை.

காலையில் சார்ஜன்ட் மாத்தயா வந்தார். சுவரைப் பார்க்கவே மாட்டோம் என்றவர் நேரே சுவரைத்தான் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"இந்த அம்மா எந்தக் கட்சி?"

"தனிக் கட்சி. நான்தான் ஒரே அங்கத்தவர்."

"பக்கத்தில் முகமில்லாத ஆள்?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். தேத்தண்ணீர் போடத் திரும்பிவிட்டேன்.

அவர் போன பிறகு பா. குசினியிலிருந்து வந்தாள். கதிரையில் ஏறித் தானே பிரேமைக் கழற்றினாள். மேசையில் வைத்தாள். படத்தை வெளியே எடுத்தாள். என் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள்.

"கனடாவுக்கு இன்னைக்கு அனுப்பணும். இது யாருன்னு அந்தப் புள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா? எழுதுங்க."

"படத்து மேலயா?"

"மேலதான். அதுக்குத்தானே எடம் விட்டிருக்கு."

இரண்டு ரூபாய் நாணயக் குற்றியளவு வெள்ளை. முதலில் இந்தக் கொப்பியில் எழுதிப் பழகினேன். பெரிதாக வந்தது. மறுபடி. மறுபடி. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தில் எழுதினேன்.

முத்தையா

இடம் போதவில்லை. கடைசி எழுத்தின் கால் வெள்ளையைத் தாண்டி அவள் தோளில் போய் முட்டி நிற்கிறது.

பா. குனிந்து பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.