காற்றுக்குப் பிறகு இரண்டு கண்டல்கள்

சனி, இரவு

நேற்றைய காற்றோடு கடல்நீர் ஏறும் களப்பின் கரை அடித்துப் போயிருக்கும் என்றுதான் பயந்தேன். கரையோரத்தில் இருக்கும் ஜெஸ்மின் மச்சி, இனி இங்கே இருக்க ஏலாதென்று தில்லையடிக்கு, மகளின் வீட்டுக்கே போகச் சாமான் கட்டிவிட்டா. காலையில் இருவருமாகப் போய், சில வருடங்களுக்கு முன் அலையைத் தடுக்க நாங்கள் நட்ட கண்டல் மரங்களைப் பார்த்தோம்.

நடும்போது எனக்கு எல்லாம் ஒன்றுதான். இன்றைக்குத்தான் இரண்டு சாதி என்று கண்டேன். ஒன்றுக்கு இலை அகலம், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் முளைக்காய் முழங்கை நீளம். மற்றதற்கு இலை ஒடுக்கம், குருத்து சிவப்பு, பூ சோடி சோடியாக. அகல இலைக் கண்டல் முன்னுக்கு நின்று அலையை வாங்கியிருக்கிறது. சேறு கழுவுண்டு வேரெல்லாம் வெளியே தெரிந்தும் சாயவில்லை. அதன் பின்னால் ஒடுங்கிய இலைக் கண்டல் கிளை முறியாமல் பூத்து நிற்கிறது. மரத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது இதுதான் முதல் தரம்.

"முன்னுக்கு நிக்கிறது ராத்தா, பின்னுக்குத் தங்கச்சி" என்றேன்.

மச்சி சிரிக்கவில்லை. சேற்றில் இறங்கி, வெளியே தெரிந்த வேர்களுக்கு மண் அணைத்தா.

"மழைக்கு முந்தி இன்னும் ரெண்டு வரிசை நடுவம், மச்சி. ராத்தாமாரையே நடுவம்" என்றா.

"ஓம்" என்றேன். தில்லையடிப் பயணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.