நகக்குறி விழுந்த நோட்டீஸ்

பீரோவைக் குடையும்போது பழைய ரோஸ் நிற நோட்டீஸ் ஒன்று அகப்பட்டது. மூன்றாம் வரியின் ஓரத்தில் உன் கட்டைவிரல் நகம் பதிந்த குறி அப்படியே இருக்கிறது. அன்று அதைப் பார்த்து வந்த கோபம் இப்போது வரவில்லை.

விழுப்புரத்துச் சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறவன் நான். திண்டிவனத்து அச்சகத்தில் அதை அச்சுக் கோக்கிறவன் நீ. 'வஸ்திர மலஹாரி' என்று சோப்புக்குப் பேர் வைத்தேன். மலம் என்றால் அழுக்கு என்று அகராதியில் இருந்தது. நாலு சமஸ்கிருத வார்த்தை தெரிந்த திமிர், வேறென்ன.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் கட்டுக்கட்டாக நோட்டீஸ் கொடுத்தோம். கோயிலோரம் போட்டிருந்த நம் சோப்புக் கடைக்கு வந்தவர் ஒரே ஒருவர். சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத்த வெந்நீர்ல சாப்புடணுங்களா, மோருலயாங்க?" என்றார். பேதி மருந்து என்று நினைத்துவிட்டார். நீ கடைக்குப் பின்னால் போய்ச் சிரித்தாய். முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கும் சரக்கு நகராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். என் மூத்தவள் அப்போது கைக்குழந்தை.

நீ என்னைத் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாய். ரயிலுக்குக் காத்திருந்தவர்களிடம் நோட்டீஸை உரக்கப் படித்தாய். எந்த வரியில் அவர்கள் முகத்தைத் திருப்பினார்களோ, அங்கே நகத்தை வைத்தாய். "என்னை ஏண்டா பாக்கற? அவங்க மூஞ்சியப் பாத்துக்கினு இரு," என்றாய். மூன்றாம் வரிக்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவே இல்லை.

மூன்றாம் நாள் வேறு எழுதிக்கொண்டு வந்தேன். பேர், 'வண்ணாத்துறை சோப்பு'. கீழே, வேர்க்கடலைக்கு நம் பக்கத்துப் பேரை வைத்தே, 'மல்லாட்டை எண்ணெய்க் கறையும் போகும்.' நீ அதைப் படித்தபோது ஒரு அம்மாள் தன் முந்தானையைப் புரட்டிப் பார்த்தாள். நீ நகம் வைக்காமல் தாளை என்னிடம் கொடுத்தாய். அடுத்த அமாவாசையில் மத்தியானத்துக்குள் சரக்குத் தீர்ந்தது. என் வேலை தப்பியது.

போன மாதம் உன் மகன் வந்தான். "அப்பாவோட கருமாதிப் பத்திரிகைய நீங்கதான் எழுதணும் மாமா," என்றான். 'சிவலோகப் பிராப்தி அடைந்த' என்று தொடங்கி, பழக்கதோஷத்தில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே அவன் வாசல் பக்கம் பார்த்தான். நகத்தை வைத்தேன். பிறகு, 'அச்சுக் கோத்துக்கொண்டிருந்த எங்கள் அப்பா இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள்' என்று எழுதிப் படித்தேன்.

அவன் முகத்தைத் திருப்பவில்லை. நடுவில் நின்றுபோனது என் குரல்தான். அந்த இடத்தில் நகம் வைக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.