கைசாடையில் வாங்கிய மார்க்கு

திருச்செங்கோடு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பா தமிழினியும் அந்தக் குளிரிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் கடிதம்.

இங்கே மூன்று நாளாகத் தூறல். வெயிலா மேகமா என்று தெரியாத ஒரு வெளிச்சம், வாசலெல்லாம் முருங்கைப் பூ. அதற்கு நடுவே அம்மா தூக்கத்தில் நடப்பவள் போல நடமாடுகிறாள், நனைந்த செடிக்கே மறுபடி தண்ணீர் ஊற்றுகிறாள். முந்தாநாள் மதியம், பிரியா பள்ளிக்கூடம் உட்டு வர நேரமாச்சுங்க, பால் காச்சோணும் என்றாள். நானும் சரி என்றேன். காய்ச்சி வைத்துவிட்டு இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் நீ வந்துவிடுவாய் என்றுதான் எனக்கும் இருந்தது.

போன மாதம் நீ ஏற்பாடு செய்தபடி அஸ்தம்பட்டி டாக்டர் ஸ்ரீதேவி வீடியோ காலில் அம்மாவின் ஞாபகத்தைச் சோதித்தாரே, முப்பதுக்கு இருபத்தெட்டு என்றதும் நீ அழுதுகொண்டே சிரித்தாயே, அந்த மார்க்கு என்னுடையது சாமி. முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் இருந்தவன் நான். ரிக் ஓடும் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எத்தனை அடி, எத்தனை பைப்பு, எல்லாம் கைசாடைதான். வீட்டிலும் அதே பழக்கம், அம்மாவுக்கும் அத்துப்படி. தேதி மறந்தவளுக்கு அந்தச் சாடை மட்டும் மறக்கவில்லை. போனுக்குப் பின்னால் நின்று தேதியைக் காட்டினேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தும் காட்டினேன். நினைவில் வைக்கச் சொன்ன சாவியையும் தேங்காயையும் எடுத்தே நீட்டினேன். என் பெண்டாட்டி தோற்கக் கூடாது என்ற வீம்பு. அவள் வைத்தியம் ஒரு மாதம் தள்ளிப்போனது என்னால்தான்.

போன வாரம் அவள் தனியாக இரண்டு பஸ் மாறி, பிறந்த ஊரான வாழப்பாடியில் போய் நின்றாள். உன் மாமா கதிர்வேல் பார்த்துக் கூட்டிவந்து விட்டான். அன்றைக்கே டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இந்தத் தடவை நீங்க வெளிய இருங்கய்யா என்றார். நேற்று மறுபடி சோதனை, முப்பதுக்குப் பதினாறு. வருகிற வியாழக்கிழமை நேரில் கூட்டிப்போகிறேன், ஸ்கேன் எடுத்து மாத்திரை தொடங்குவார்களாம். நீ பேசும்போது நான் யாரு சொல்லு என்று அவளைச் சோதிக்காதே, உன் பெயரை நீயே முதலில் சொல்லிவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். என்ன வருஷம் என்று டாக்டரம்மா கேட்டதற்கு அம்மா போனுக்குப் பின்னால் என் கையைத் தேடினாள். அடுத்து, வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா என்று கேட்டார். நாற்பத்தொரு வருஷத்தில் என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட உன்னை முன்னே தள்ளிச் சொல்லவைப்பாள். நேற்று கொஞ்சமும் தயங்காமல், ராசப்பனுங்க என்றாள். பெயர் ஞாபகம் இருக்கிறது, சொல்லக் கூடாது என்பது மறந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழவும் அழுதேன். இன்று காலை காப்பி போட்டுவிட்டு, ராசப்பா என்று சமையலறையிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டாள். வாரேனுங்க என்று எழுந்து போனேன்.

மலைமேல் இருக்கும் சாமி உங்கள் மூவரையும் காக்கட்டும். பொங்கலுக்கு லீவு இப்போதே சொல்லி வை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
ராசப்பன்