கொட்டகைக்கு எட்டும் மணி

பிப்ரவரி 12, புதன்

பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடிகிறது என்று மூன்றாவது கடிதம். இன்று உட்கார்ந்து புதுப்பித்துவிட்டேன். வீட்டு ஃபோனும் இனி பழைய கம்பியில் வராதாம், இணையத்தின் வழியே வருமாம். எண் மாறாது. சரி என்று அழுத்தினேன்.

கடைசியில் ஒரு கேள்வி: உடல்நலக் காரணத்துக்காக ஃபோனை நம்பியிருப்பவர் யாராவது வீட்டில் உண்டா?

கெத்தின் டீக் கோப்பையோடு என் பின்னால் நின்றிருந்தான். “இல்லைன்னு போடு. நோயாளிப் பட்டியல்ல எல்லாம் என் பேர் வேண்டாம்.”

மூன்று ஆண்டுகளாக செவ்வாய், வியாழன், சனி என்று ஓர் இயந்திரம் என் கணவனின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக கார்டிஃப் மருத்துவமனைப் பட்டியலில் ஏற்கெனவே அவன் பெயர் இருக்கிறது. அந்த ஒரு பட்டியல் போதும் அவனுக்கு.

இல்லை என்று அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்?

மார்ச் 5, புதன்

புது ரௌட்டர் தபாலில் வந்தது. பெட்டியைப் பிரிக்கக்கூட நேரமில்லை. செம்மறிகளுக்குத் தடுப்பூசி.

மார்ச் 19, புதன்

இன்று மாறிவிட்டது. ஃபோனைப் பிடுங்கி ரௌட்டரின் முதுகில் சொருகச் சொன்னார்கள், சொருகினேன். பத்து மணிக்குச் சொன்னபடி ஹெஃபின் அவர் பண்ணையிலிருந்து கூப்பிட்டார். ஹெஃபின் கெத்தினின் அண்ணன், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். கூடத்து ஃபோன் அழகாக அடித்தது. குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவு.

சமையலறையில் ஃபோன் செத்துக் கிடந்தது. படுக்கையறையிலும். கொட்டகையிலும்.

கொட்டகை மணிதான் எங்களுக்கு எல்லாம். கெத்தினின் அப்பா முற்றத்துக்கு அடியில் கம்பி புதைத்து அங்கே ஒரு ஃபோனும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் இரும்பு மணியும் வைத்தார். இந்தப் பள்ளத்தாக்கில் மொபைலுக்கு சிக்னல் கிடையாது. வீட்டு வைஃபை இரண்டடி கல்சுவரைத் தாண்டாது. கார்டிஃபிலிருந்து கூப்பிட்டால் கெத்தினுக்குக் கேட்பது அந்த மணி ஒன்றுதான்.

பட்டியலில் பெயர் சேர்த்த அன்றே மருத்துவமனைப் பெண் சொன்னாள்: “திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்ப்போம். ஆனா ரொம்ப நேரம் காத்திருக்க முடியாதுங்க. அடுத்தவங்களைக் கூப்பிட்டாகணும்.”

குட்டி போட ஆரம்பிக்க இன்னும் பத்து நாள். ஏப்ரல் முழுக்க நாங்கள் இருவரும் கொட்டகையில்தான்.

“நீ இந்த வருஷம் வீட்டுக்குள்ள இரு. நானும் ஹெஃபினும் பாத்துக்கறோம்,” என்றேன்.

“நானூறு ஆடு குட்டி போடப் போகுது, நான் ஃபோனுக்குக் காவல் உக்காரணுமா? அதுக்கு அந்தக் கிட்னியே வேண்டாம்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகம் எனக்குத் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

கெத்தின் டயாலிசிஸில் இருந்த நேரத்தில் கம்பெனிக்குப் பேசினேன். பொறுமையான பெண்.

“வீட்டுக்குள்ள இருக்கற வயரிங் உங்களோட பொறுப்பு மேடம். நாங்க ரௌட்டர் வரைக்கும்தான்.”

“கொட்டகை எழுபது கஜம் தள்ளி இருக்கும்மா.”

“ஒரு கார்ட்லெஸ் ஃபோன் வாங்கிக்கலாமே?”

“அந்தச் சுவத்தை நீ பாத்ததில்லை.”

சிரித்தாள். நானும். சொல்லியிருக்கலாம், என் கணவன் உயிர் அந்த மணியில் இருக்கிறது என்று. அவள் திரையில் என் ‘இல்லை’ பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்குமோ என்று கூச்சமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பெண்போல நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு நாளாக ஒரே யோசனை. முன்பு ஃபோன் வெளியிலிருந்து கூடத்துச் சுவரின் வெள்ளைப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து வீடெல்லாம் போனது. இப்போது ரௌட்டரில் பிறக்கிறது. வீட்டுக் கம்பிகளுக்கு ஒரு கேடுமில்லை, அவற்றுக்குள் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். ரௌட்டரிலிருந்து திருப்பி உள்ளே அனுப்பினால்?

வெளியிலிருந்து வரும் பழைய கம்பியை முதலில் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரௌட்டர் போய்விடும். இணையத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும் இதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

தீவனம் வாங்க வந்த ஹெஃபின், தரையில் கம்பிகளோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“என்ன எஞ்சினியரம்மா, காலேஜ்ல இதுவா சொல்லிக்குடுத்தாங்க?”

“கெமிஸ்ட்ரி.”

“அப்ப மணி அடிக்காது, வெடிக்கும்.”

நான் படித்த வேதியியலை இருபது வருடங்களாக ஆட்டு மருந்தில் தண்ணீர் கலக்க மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அதையும் அவர் சொல்வதற்குள் நானே சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

சமையலறை சாக்கெட் வழியாக உள்ளே விட்டேன். ஃபோன்கள் எல்லாம் உயிர்பெற்றன! கொட்டகை ஃபோனை எடுத்தால் டயல் சத்தம், தேன்.

மணி அடிக்கவில்லை.

பேசலாம், கேட்கலாம், அடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது. அடிக்காத மணிய வெச்சு நான் என்ன பண்ண? வைக்கோல் மேல் உட்கார்ந்து அழுதேன். ஓர் ஆடு வந்து என் சட்டைக் கையைத் தின்னப் பார்த்தது. போடீ.

மார்ச் 24, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

பேச இரண்டு கம்பி போதும். பழைய இரும்பு மணிக்கு மூன்றாவது ஒன்று வேண்டும். அது வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் கடுகளவு பாகம் ஒன்றிலிருந்துதான் புறப்படுகிறது. நான் பெட்டியைத் தவிர்த்துச் சமையலறையில் விட்டதுதான் தப்பு. கம்பெனிக் கம்பி நுழைந்த அதே வாசலில் ரௌட்டர் கம்பியை நுழைத்தேன். திருகு இரண்டு முறை விழுந்தது.

ஹெஃபினைக் கூப்பிடச் சொன்னேன். அடித்தது. ஆனால் சளி பிடித்த கிழவன் இருமுவதுபோல். விசை போதவில்லை, பங்காளிகள் அதிகம். படுக்கையறை ஃபோனைப் பிடுங்கினேன். சமையலறை ஃபோனையும். மறுபடி கூப்பிடச் சொன்னேன்.

முற்றத்தில் நின்றிருந்தேன். அடித்தது. கூரைத் தகடு அதிர, ஆடுகள் மொத்தமும் எழுந்து நிற்க, மலையில் பட்டுத் திரும்பி வர அடித்தது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது.

கொட்டகைக்குள் ஓடினேன். கெத்தின் ஃபோனை எடுத்து எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தான். ஹெஃபின் குரல்: “வெடிச்சிருச்சா?”

“இல்ல,” என்றான் கெத்தின். “எஞ்சினியரம்மா ஆடிட்டு இருக்கா.”

மார்ச் 26, புதன்

மின்சாரம் போனால் ரௌட்டர் போகும், ரௌட்டர் போனால் மணி போகும். இங்கே காற்றடித்தாலே மின்சாரம் போகிறது. பேட்டரி தருவார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு ஆம் என்றவர்களுக்கு.

கெத்தின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எதிரிலேயே கூப்பிட்டேன். “போன மாசம் நான் சொன்னது தப்பு. என் கணவர் சிறுநீரகத்துக்காகக் காத்துட்டிருக்கார். ஃபோன்தான் எங்களுக்கு எல்லாம்.” பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன், இரண்டு முறை. அந்தப் பெண் ஒன்றுமே கேட்கவில்லை. “முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம், உடனே அனுப்பறேன்.”

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு கதவருகே நின்றான்.

“என் பேரை ரெண்டாம் தடவைதான் சரியாச் சொன்ன. பட்டியல்னா ஒழுங்கா இருக்கட்டும்.”

ஏப்ரல் 3, வியாழன்

பேட்டரி வந்தது. இதுவரை அறுபத்தெட்டுக் குட்டிகள்.

ஏப்ரல் 11, வெள்ளி. கார்டிஃப், மருத்துவமனை

எழுதினால்தான் நம்புவேன்.

காலை பத்தே முக்காலுக்கு அடித்தது. கெத்தின் கை முழங்கைவரை ஆட்டுக்குள். குட்டி தலை திரும்பிக் கிடந்தது.

நான் எடுத்தேன். ஒரு பெண் அவன் முழுப் பெயரைச் சொன்னாள்.

“அவர் பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு. கை... வேலையா இருக்கு.”

“ரெண்டு நிமிஷம்னு சொல்லு!” என்று கத்தினான், யார் என்றுகூடக் கேட்காமல்.

“கார்டிஃப், கெத்தின்!”

“சரி, ஒரு நிமிஷம்னு சொல்லு.”

அந்தப் பெண் சிரித்தாள், காத்திருந்தாள். குட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தும்மியது. அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினான். “ஆமா. வரேன்,” என்றான், தீவன லாரிக்காரனிடம் சொல்வதுபோல். பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஹெஃபின் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். கேலி எதுவும் செய்யவில்லை. “போங்க, போங்க, ஆட்டை நான் பாக்கறேன்.”

இன்று வேறொரு வீட்டிலும் ஃபோன் அடித்திருக்கும், யாரையோ இழந்த வீட்டில். அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களும் ஒரு கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கெத்தினை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

நர்ஸ் அவனைத் திட்டுகிறாள். “ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும்னு சொன்னேனா இல்லையா? புதுக் கிட்னி ஓடு ஓடுன்னு ஓடுது, நீங்க இப்படிப் பூனை மாதிரி நக்கிட்டிருக்கீங்க.”

டயாலிசிஸில் இருந்த மூன்று வருடமும் அவனுக்கு நாளொன்றுக்கு அளந்து வைத்த தண்ணீர்தான், மிஞ்சினால் ஆபத்து. கோடையில் ஒரு பனிக்கட்டியை மணிக்கணக்கில் வாயில் வைத்திருப்பான்.

பெரிய கோப்பை நிறைய டீ. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பாதியில் பழக்கதோஷத்தில் நிறுத்தி, போதும் என்று நான் சொல்வேனா என்று என்னைப் பார்த்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முழுதும் குடித்தான். “இன்னொண்ணு கிடைக்குமா?”

எழுந்து போய் வாங்கி வந்தேன். எனக்கும் ஒன்று.