தனத்தின் இடது கண்

ரயில்வே குவாட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
14-3-1934, புதன்கிழமை

பவுனுக்கு,

இது உன் கைக்கு வரும்போது தனம் வயிறாரச் சாப்பிட்டு, தூங்கி எழுந்திருப்பாள் என்று நினைக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் கட்டுப்போடும் டிரசர் வேலாயுதத்தை அழைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பி வந்தபோது பிள்ளையின் கட்டில் காலியாகக் கிடந்தது. ஆயா வீரம்மா அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "ஒன் மச்சான் வந்தாரு தம்பி. புள்ளயத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. ஒம் பொஞ்சாதி பின்னாலேயே போயிருச்சு. இருங்க, கேட்டுச் சொல்றேன்னு நான் சொன்னது யார் காதுலயும் விழல" என்றார். உடனே ஸ்டேஷனுக்கு ஓடினேன். கிள்ளான் வண்டி போய்விட்டது.

உனக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மருந்து விட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, ஆபரேஷன் அறை வாசல்வரை கொண்டுபோய்விட்டு, "இன்னிக்கு இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். கண் டாக்டர் துரை நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கி ஓடினார். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் நான் வேலாயுதத்தைத் தேடிப் போனேன். நான் எங்கேயோ போய்விட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

காரணம் இதுதான். அம்பாங்கில் ஈயச் சுரங்கத்தில் பாறைக்கு வைத்த வெடி ஆட்கள் விலகுவதற்குள் வெடித்துவிட்டது. முகமெல்லாம் கல் பாய்ந்தவர்களை லோரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். தனத்துக்குத் திங்கட்கிழமை காலை செய்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவர் முதல் நாள் சொன்னதை நீயும் கேட்டாய். வலது கண் போனது போனதுதான். அதை எடுக்காமல் விட்டால் அந்த ரணம் நல்ல கண்ணையும் இழுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா, பவுனு. மச்சான் மேல் எனக்கு வருத்தமில்லை. மூங்கில் பிளக்கும்போது சிம்பு தெறிப்பது யார் கையிலும் நடக்கும். அதை அவரிடம் சொல்.

இப்படிக்கு,
நாகையா


பண்டமாரான், கிள்ளான்.
15-3-1934

தனத்தின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பிள்ளை சாப்பிட்டாள். ரயிலில் ஒரு வாழைப்பழம், வீட்டுக்கு வந்து ரசம் சோறு. தூக்கத்தில் இரண்டு முறை எழுந்து, "கண்ண எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

அம்பாங் ஆட்களுக்காக எனக்கும் மனது வேதனைப்படுகிறது. அவர்களுக்கும் பெண்டு பிள்ளை இருக்கும். ஆனால் "டாக்டர் வரவில்லை, காத்திரு" என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது எனக்கு இது முதல் தடவை இல்லை. பழனிக்குக் காய்ச்சல் என்று நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போனீர்கள். நான் வேண்டாம் என்றேன், பண்டமாரான் வைத்தியரிடம் காட்டுவோம் என்றேன். பெரிய டாக்டர் வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் வந்தபோது என் பிள்ளை இல்லை. இரண்டு வருஷமாக நான் ஏன் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரவில்லை என்று உங்கள் ஆட்கள் கேட்கிறார்களாம். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ தெரியாது.

நேற்று அந்த வாசலில் திருப்பி அனுப்பியபோது எனக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. சாமியே வேண்டாம் என்று தடுத்தது போல இருந்தது. அண்ணன் வந்து நின்றதும் வேறொன்றும் யோசிக்கவில்லை.

அண்ணனுக்கு நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டினேன். அந்தச் சிம்பு தெறித்த நாளிலிருந்து அவர் அரிவாளைத் தொடுவதில்லை, கோழிக்கூடு பாதியில் நிற்கிறது. பிறகு எழுந்து போகும்போது, "என் கையால கெட்ட கண்ணு. அத இன்னொருத்தன் தோண்டி எடுக்கறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

வைத்தியர் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்லியிருக்கிறார். வலி குறைந்திருக்கிறது. பார்க்காத கண்ணாக இருந்தாலும் முகத்தில் இருக்கட்டும். பெண் பிள்ளை. நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்?

திங்கட்கிழமை எங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்.
16-3-1934, வெள்ளிக்கிழமை

பவுனுக்கு,

நேற்று முழுக்க லைனில் வேலை. சிக்னல் கம்பி அறுந்து, ராத்தங்கலாகிவிட்டது. இன்று மத்தியானம்தான் வீடு வந்தேன். வந்ததும் உன் கடிதத்தைப் படித்தேன். குளிக்காமலே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பழனியைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது வாதமாகிவிடும். அவன் எனக்கும் பிள்ளை.

வேலாயுதத்திடம் நீ எழுதியதைச் சொன்னேன். அவர் என்னைத் துரையின் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். துரைக்குக் கண்கள் சிவந்து கிடந்தன, மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லையாம். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. புதன்கிழமை பிள்ளையைப் பட்டினி போட்டுத் திருப்பி அனுப்பியதற்குத் தன் வருத்தத்தைத் தாயிடம் சொல்லச் சொன்னார். வேலாயுதம் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கே நம்ப முடியவில்லை.

பிறகு சொன்னதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். வலது கண்ணில் வலி குறைவது நல்ல அடையாளம் இல்லையாம். பார்க்க வேண்டியது இடது கண்ணை. வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறதா, சும்மாவே நீர் வடிகிறதா, கிட்டே இருப்பது மங்குகிறதா, இதையெல்லாம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். இதில் ஒன்று தெரிந்தாலும் திங்கட்கிழமைவரைகூடக் காத்திருக்க வேண்டாம், எந்த நேரமானாலும் கொண்டுவா என்றார்.

வலது கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, ஊசியில் நூல் கோக்கச் சொல். அவளுக்குப் பிடித்த வேலைதானே.

கெட்ட கண் முகத்தில் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். நாளைக்கு யாரும் கேட்டு வராவிட்டால் வராமல் போகட்டும். அவள் நம் முகத்தையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா?

நான் அங்கே இருப்பது உனக்குச் சங்கடம் என்றால் சொல்லிவிடு. வார்டுக்குள் வரமாட்டேன், கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

நாகையா


பண்டமாரான்.
18-3-1934, ஞாயிறு

தனத்தின் அப்பாவுக்கு,

இன்று தபால் இல்லை. ரயில் கார்டு வேலை பார்க்கும் சபாபதி அண்ணன் சாயங்கால வண்டியில் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். சோதித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. இன்று காலையில்தான் வாசலில் உட்காரவைத்துத் துணி கட்டினேன். நூல் ஊசிக்குப் பக்கத்திலேயே போய்ப்போய் வருகிறது, உள்ளே நுழையவில்லை. "ஊசி பெரிசா இருந்தாத்தான் முடியும்மா" என்கிறாள். சாக்குத் தைக்கிற பெரிய ஊசி அது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் அழுதுகொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கெழமைலேருந்து வெளக்கச் சுத்திப் பொக மாதிரி இருக்கும்மா. சொன்னா அங்க தூக்கிட்டுப் போயிருவீங்க. திரும்பவும் சோறு குடுக்க மாட்டாங்க."

அண்ணன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் நேரம் கேட்கப் போய்விட்டார். இன்று இனிமேல் இருப்பது சாயங்கால வண்டி ஒன்றுதான். அதில் இடம் கிடைத்தால் இந்தக் கடிதத்தோடு நாங்களும் வந்து இறங்குவோம். இல்லாவிட்டால் விடிந்ததும் முதல் வண்டி. எதற்கும் ஸ்டேஷனில் இருங்கள்.

பிள்ளை முன்னால் என்னை ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டுக்கு வெளியே நிற்கவும் வேண்டாம். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் கேட்கிறாள்.

பவுனம்மாள்


கெமாஸ் ஸ்டேஷன்.
9-4-1934

பவுனுக்கு,

நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என்னை இங்கே மாற்று வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். லீவு கேட்டேன், மழையில் லைன் கெட்டிருக்கிறது, முடியாது என்றார்கள். கட்டவிழ்க்கும் நாளில் நான் பக்கத்தில் இல்லை என்பது சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

வேலாயுதம் ஒரு கார்டு போட்டிருந்தார். வலது கண்ணை எடுத்த இடம் ஆறிவிட்டது, வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தார். இடது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே எழுதவில்லையா? அந்தக் கார்டை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேனோ.

குவாட்டர்ஸ் சாவி வீரம்மா அக்காவிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்றால் தங்கிக்கொள். நான் இல்லாததால் உனக்கும் சங்கடம் இருக்காது. பண்டமாரானுக்கே போகிறாய் என்றாலும் சரிதான். மருந்து விட மட்டும் தவறவிடாதே.

இடது கண் எப்படி இருக்கிறது? நல்லதோ கெட்டதோ, உள்ளதை எழுது. என் மனது நோகும் என்று ஒன்றையும் மறைக்காதே.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்.
12-4-1934

அன்புள்ள உங்களுக்கு,

இதை உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போன வியாழக்கிழமையிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். அடுப்படியில் கரப்பான் பூச்சி, கூரை ஓரத்தில் ஒழுகல். தனியாக இருக்கிற ஆம்பளை வீடு என்பது வாசலிலேயே தெரிகிறது. இரண்டு நாள் தேய்த்துக் கழுவினேன்.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள். இடது கண்ணில் ரணம் பிடித்துவிட்டது. ஆனால் பரவுவது நின்றிருக்கிறது என்கிறார் துரை. தனம் முகங்களை அடையாளம் கண்டுகொள்கிறாள். பால் டின்னில் இருக்கிற பெரிய எழுத்தைப் படிக்கிறாள், கீழே இருக்கிற சின்ன எழுத்து தெரியவில்லை. கண்ணைப் பெரிதாக்குகிற மருந்து விடுவதால் இப்போது அப்படி, அதை நிறுத்திய பிறகுதான் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியுமாம். கெட்டியான கண்ணாடி போட வேண்டியிருக்கும். முழுசாகத் திரும்பும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டேன். கொடுக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அம்பாங் ஆட்களில் ஒரு சீனர் வராந்தாவில் நடந்து பழகிக்கொண்டிருந்தார், இரண்டு கண்ணிலும் கட்டு. அவர் சம்சாரம் கையைப் பிடித்திருந்தார். அந்த அம்மாள் தனத்தின் முகத்தைப் பார்த்து, மடியிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீரம்மா அக்கா காப்பி குடிக்க வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "நீங்க தூக்கிட்டுப் போனப்பறம் வெள்ளிக்கெழம காலைலயே தொர ஒம் மகளக் கேட்டாரும்மா. அம்பாங் ஆளுங்க வேல கொஞ்சம் முடிஞ்சிருந்துச்சு. கட்டில் காலி, ஆள் இல்லன்னு சொன்னேன். நாகையா மத்தியானம் வந்தப்ப அதக் கேட்டு அப்படியே செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு." அக்காவுக்கு உங்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று நினைப்பு.

அவர் போனபிறகு உங்கள் வெள்ளிக்கிழமைக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். துரையின் அறைக்குப் போனது இருக்கிறது, அவர் கண் சிவந்திருந்தது இருக்கிறது. இது இல்லை. அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு வந்து எங்களை அழைத்துக்கொண்டு போனீர்கள், வார்டு வாசலில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அன்றைக்கே செய்திருந்தால் இடது கண் தப்பியிருக்குமா என்று இன்று காலை நேரே வேலாயுதத்திடமே போய்க் கேட்டுவிட்டேன். "தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். அது யாருக்கும் தெரியாதும்மா" என்றார். நான் சமாதானமாகப் போவதற்காகச் சொன்னாரா என்று பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

பழனி பேரைச் சொல்லி நான் உங்களை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று ராத்திரி முழுக்க எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரை வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார், இன்னும் பல மாதங்களுக்கு. இங்கிருந்து நடந்தே போய்வரலாம். என் பெட்டியையும், தனத்தின் துணிமணிகளையும், அம்மியையும் லோரியில் ஏற்றி அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு எழுதிவிட்டேன். அவரே கூட வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். அவர் வரும்போது நீங்கள் இருந்தால் நல்லது. உங்களைப் பார்த்து அவருக்கு ஏதோ சொல்ல வேண்டுமாம்.

மழையில் லைனில் நிற்காதீர்கள். எப்போது வருகிறீர்கள் என்று முன்கூட்டி எழுதுங்கள். தனம் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர்களைத் தூரத்திலிருந்தே யார் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்று தபால்காரரை நீங்கள் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டாள். கிட்டே வந்ததும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

உங்கள்,
பவுனு