நீ பொத்திய காதுகள்

மச்சான்,

என் எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும், பொறுத்துக்கொள். 'ழ' வரும் இடத்திலெல்லாம் பேனா சற்று நின்று யோசிக்கிறது. ஒரு பக்கம் முடிக்க, மதியச் சாப்பாட்டில் தொடங்கினால் டீ வரும் நேரம் ஆகிவிடுகிறது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபத்தொரு வயதில் நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்கு வகுப்பு. ஷேர் ஆட்டோவில் படப்பை என்று எழுதியிருக்கிறதா, குன்றத்தூர் என்று எழுதியிருக்கிறதா என்று இப்போது நான் யாரையும் கேட்பதில்லை. நானே படித்து ஏறிக்கொள்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் தானாகச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இந்தத் தாளுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு காது மூடி கிடக்கிறது. கம்பெனியில் பெரிய ஆட்கள் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கம் வரும்போது தலையில் மாட்டிக்கொள்வார்களே, அதே மாதிரி. ஆனால் சின்னது. என் பேத்தியுடையது. நீ பார்க்காத பிள்ளை, நாலு வயது. மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே, ஆவி கிளம்பும் சத்தத்திலேயே, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வாள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது உன் அக்கா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் உன் ஞாபகம்தான்.

மகள் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஆட்டிசம் என்றார்களாம். காது மூடியோடு ஒரு சிறிய தமிழ்ப் புத்தகமும் கொடுத்தார்கள். மகள் ஷிப்டுக்குப் போன பிறகு அதை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எட்டுப் பக்கம், நான்கு நாள். அமிக்டலா என்று ஒரு சொல் வந்தது. அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தபோது மலை ஏறி இறங்கியதுபோல இருந்தது. மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் இருக்கிறதாம். ஆபத்து வந்தால் மணி அடிக்கும் வேலை அதற்கு.

சத்தத்தைக் காது வாங்குகிறது, ஆனால் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று முடிவு செய்வது மூளைதான் என்று போட்டிருக்கிறது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதைத்தான் நாம் பழகுவது என்கிறோம். சிலருடைய மூளையில் அந்த மணி அவ்வளவு லேசில் ஓயாது. நூறாவது முறையும் முதல் முறை போலவே அடிக்கும். சத்தம் அவர்களுக்கு வலியாகவே இருக்கும். 'இது பிடிவாதம் அல்ல' என்று அடுத்த வரி. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று வகுப்புக்கும் போகவில்லை.

உன்னை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. உனக்கு இருந்ததும் அதுதான் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த வரியைப் படித்ததும் எனக்கு வல்லக்கோட்டைக் கோயில்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

என் மகளுக்குக் காது குத்திய நாள். தாய்மாமன் மடியில்தானே குழந்தையை உட்கார வைக்க வேண்டும். புது வேட்டியில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததும், அழுகை கேட்கக்கூடாது என்று மேளத்தை ஓங்கி அடித்தார்கள். உன் முகம் வெளுத்துப் போனது. அடுத்த நொடி உன் இரண்டு கைகளும் குழந்தையின் காதுகளை மூடிக்கொண்டன.

"கைய எட்ப்பா. காது எங்க கீதுன்னு நான் குத்துறது?" என்றார் ஆசாரி.

"மாமன்காரன் சீர் செய்யாம தப்பிக்கப் பாக்குறான்டோய்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் குனிந்து, "இன்னா மச்சான், மானத்த வாங்குற?" என்றேன்.

"சத்தம் வலிக்குது மாமா. பாப்பாவுக்கும் வலிக்கும்."

"சத்தம் இன்னாடா வலிக்கும்? கைய எடு. பழகிடும்."

நீ எடுக்கவில்லை. உன் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பிரித்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தேன். குழந்தையை அக்காவின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நீ உன் காதைப் பொத்திக்கொண்டாய். பொத்திக்கொண்டே ஏரிக்கரை வழியாக வீடுவரைக்கும் நடந்து போனாய். அதன்பிறகு எந்த விசேஷத்துக்கும் நீ வரவில்லை. "நான் மாட்டப் பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்பாய். எங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். நிலம் போய், ஒரகடத்தில் கம்பெனி வந்து, நம் இருவருக்கும் அங்கே தோட்ட வேலை கிடைத்தபோது நீ நன்றாகத்தான் இருந்தாய். எந்தக் குரோட்டன் செடியில் எத்தனை இலை புதிதாக வந்திருக்கிறது என்று சொல்லுவாய். தொட்டிகளை உயரப்படி அடுக்கி வைப்பாய், யாராவது நகர்த்தினால் மறுபடி அடுக்குவாய். "உன் மச்சான் லைன்ல நின்னா ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆவாது" என்று காண்ட்ராக்டர் சொன்னார். பிரஸ்ஸுக்கு ஆள் கேட்டார்கள். உன்னைக் கேட்காமல் நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் பிரஸ் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்பதே நின்றுவிட்டது. பக்கத்திலேயே நின்ற நீ, ஒவ்வொரு தடவை அது இறங்கும்போதும் முதல் நாள் போலவே தோள் தூக்கிப் போட நின்றாய். காதில் பஞ்சு வைத்திருந்தாய். கூப்பிட்டால் கேட்கவில்லை என்று சூப்பர்வைசர் அதை எடுக்கச் சொன்னார். "மாமா, தோட்டத்துக்கே போய்டட்டுமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அதே சொல்தான். பழகிடும்.

மாதம் முடிவதற்குள் ஒருநாள் டீ டைமில் உன்னைக் காணவில்லை. தேடிப் போனபோது உன் தொட்டிகளுக்குப் பின்னால் முழங்காலுக்குள் தலையை வைத்து உட்கார்ந்திருந்தாய். உள்ளே வா என்று கத்தினேன். நீ நிமிரவே இல்லை. அன்றோடு வேலை போனது. வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டாய். என்னோடு பேசுவதும் குறைந்தது. மூன்று மழைக்காலம் கழித்து, ஒரு காய்ச்சலில் போய்விட்டாய்.

அப்போது எனக்குப் படிப்பில்லை, அதனால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய், மச்சான். வலிக்குது என்று நீ வாயால் சொன்னாய். உன் கை யாருடைய காதுமேல் இருந்தது என்று பார்க்க எழுத்து எதற்கு? வலித்தது உனக்கு. நீ பொத்தியதோ என் மகளின் காதை.

வருகிற வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காது குத்துகிறோம். மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "மேளம் இல்லாத காதுகுத்தா? ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றாள் உன் அக்கா. "உன் தம்பிய நெனச்சுக்கோ" என்றேன். மாலை டீ கொண்டுவந்தபோது, "மைக்செட்டும் வாணாம், சொல்ட்டேன்" என்றாள். விடியற்காலையில், வீட்டிலேயே, எங்கள் நாலு பேரோடு. ஆசாரி மட்டும் வருவார்.

என் மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. யார் மடி என்று பேச்சு வந்தது. "நீயே உக்காருப்பா" என்றாள் மகள். என்ன நடக்கப் போகிறது என்பதைப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தினமும் சொல்கிறேன். ஊசி காட்டினேன், தோடு காட்டினேன். தோட்டை வாங்கித் தன் பொம்மையின் காதில் வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வேண்டாம் என்றால் எழுந்துவிடுவோம். அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

காது மூடி போட்டுக்கொண்டு காது குத்த முடியாது. அதனால் ஒரு காதை ஆசாரியிடம் காட்டும்போது மறு காதை என் உள்ளங்கையால் மூடிக்கொள்வேன். எப்படி மூட வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் விரல்களைப் பிரித்தவன் நான்தானே. எவ்வளவு மெதுவாக, அழுத்தாமல் வைத்திருந்தாய் என்பது என் கையில் இன்னும் இருக்கிறது.

அவள் உட்கார்ந்தாளா, எழுந்துவிட்டாளா என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். அதற்குள் 'ழ' கொஞ்சம் சரியாகிவிடும்.

மாமா