நான்காவது திருகு

நேற்று குழாய்க்கு வாஷர் வாங்க பாயின் ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மேஜைமேல் இரண்டு பேட்டரி ஸ்க்ரூடிரைவர்களை வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தது. கணவன் ஒன்றை எடுத்து அழுத்தினான். விர்ரென்று அந்தச் சத்தம் வந்ததும் வாசல் பக்கம் திரும்பினேன். அதற்குள் பாய் என்னைப் பார்த்துவிட்டார்.

"இந்தா, சாரக் கேளுங்க. இவுக வீட்டம்மா மாதிரி மெஷினப் பாத்து வாங்குன ஆளு இந்தத் திண்டுக்கல்லுலயே கெடையாது. சொல்லுங்க சார், தங்கச்சி எதையெதையெல்லாம் பாப்பாக?"

பெருமையாகத்தான் கேட்டார். அந்தப் பெண்ணும் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தாள். வாஷரைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டில் திருப்புளி பிடித்தது உன் கைதான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவன். ஃபியூஸ் போனால் மெழுகுவத்தி தேடுவேன். நீ தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியன். தொண்ணூறுகளில் அந்த வேலைக்கு வந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி மின்விசிறியைக் கழற்றுவாய். "செத்த நேரம் அந்த டார்ச்ச ஆட்டாமப் பிடிங்க" என்பாய். நான் "திருப்புளி வேண்டுமா?" என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். "வாத்தியாரே, புளி அடுப்படியில இருக்கு. எனக்கு ஸ்க்ரூடிரைவர எடுங்க."

ஒவ்வொரு திருகையும் முடுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் சிவப்பு நகச்சாயத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பாய். திருகு துளி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நிலையத்தில் கற்ற பழக்கம். வீட்டிலிருந்த கதவுக் கீல், சுவிட்ச் பலகை, நம் மகள் ஸ்டெல்லாவின் சைக்கிள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது. உன் நகத்தில் மட்டும் அந்தச் சாயத்தை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து மிக்ஸியின் அடித்தகட்டைப் பொருத்திக்கொண்டிருந்தாய். திருப்புளி மூன்று தடவை வழுக்கியது. நாலாம் தடவை அதைக் கீழே வைத்துவிட்டு உன் வலது கையை விரித்துப் பார்த்தாய். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை குழிந்திருந்தது. "என்னங்க, இங்க பாருங்க. எலி கறண்டுன மாதிரி இருக்கு" என்றாய்.

மதுரையில் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. நிறுத்த மருந்து இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் கேட்டாய்: "அடுத்தது எது போகும் சார்?" லைன் பழுதைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டாய். திரும்பி வரும் பேருந்தில் கொடைரோடு தாண்டும்போது, "கையில பலம் இல்லேன்னா மெஷினுல இருக்கட்டும். பேட்டரியில ஓடுற ஸ்க்ரூடிரைவர் வந்துருக்காம்" என்றாய்.

பாய் கடைக்கு நாம் போன அந்த முற்பகல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. துணிப்பையில் ஒரு மாமரத் துண்டும் ஒரு பிடி திருகுகளும் எடுத்து வந்திருந்தாய். பாய் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார். முதலாவது துப்பாக்கி மாதிரி இருந்தது. மூன்றிலும் பலமானது அதுதான். கையை நீட்டிப் பிடித்து மனத்துக்குள் எண்ணினாய். பத்துகூட எண்ணி முடிக்கவில்லை, மணிக்கட்டு தொங்கிவிட்டது. "இது செவத்துல ஏறாது பாய், என்னையத்தேன் கீழ இழுக்கும்." இரண்டாவது டார்ச் மாதிரி நேராக, எடை குறைவாக இருந்தது. ஆனால் அதன் பொத்தானைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். கட்டைவிரல் போனதால்தான் நீ வந்திருந்தாய். மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. புதுவகை பேட்டரி; மாதக்கணக்கில் சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்காது என்றார் பாய். ஆள்காட்டி விரலால் லேசாகத் தொட்டால் சுற்றியது.

மூன்றாலும் மரத்துண்டில் திருகு ஏற்றிப் பார்த்தாய். அந்தச் சின்ன மெஷின் கடைசிக் கால் சுற்றில் முக்கி முனகி நின்றுவிட்டது.

"அதுக்குத் தெம்பு பத்தல தங்கச்சி. பெருச எடுத்துக்கிடுங்க" என்றார் பாய்.

"தெம்பு எனக்கும்தேன் பத்தல பாய். ரெண்டு பேரும் சேந்து ஓட்டிக்கிறோம்" என்றாய். பாய் சிரித்தார். பிறகு உன் கையைப் பார்த்துவிட்டு, பில் போடும் வரை நிமிரவே இல்லை.

அந்த மெஷினோடு இரண்டு வருடம் நன்றாகவே ஓட்டினாய். குனிந்து எழுவது சிரமமானதும் அடுப்படியில் கீழ்த் தட்டுகளைக் கழற்றி மேலே மாட்டினாய். கழிவறைத் தாழ்ப்பாளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாய். அடுத்து உடம்பில் எது போகும் என்று பார்த்து, அது போவதற்கு முன்பே வீட்டை அதற்குத் தயாராக்கி வைத்தாய். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கொடுமையாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

மெஷின் விட்டுவிடும் அந்தக் கால் சுற்றை நான்தான் முடித்துக்கொண்டிருந்தேன். நீ தூங்கும்போது திருப்புளியை எடுத்து, நீ பொருத்திய திருகுகளையெல்லாம் ஒரு தடவை முடுக்கிவிடுவேன். உன் நன்மைக்குத்தான் செய்கிறோம் என்று இருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கழிவறைக் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாய். "இங்க வாங்க" என்று கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் காட்டினாய். நான்கு திருகிலும் சிவப்புக் கோடு உடைந்து, தலை ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமுமாக விலகி நின்றது.

"எத்தன நாளா?"

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"கை போயிருச்சு. கால் போகப் போகுது. நான் செஞ்சதுன்னு வீட்டுல ஒண்ணு மிஞ்சட்டுமே. அதையும் பின்னாலயே வந்து நீங்க அழிச்சுப்புட்டா நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

இருபது வருடத்தில் நீ என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். இனித் தொடமாட்டேன் என்று சொல்லச் சொன்னாய். சொன்னேன். ஜெபமாலையில் கைவைத்துச் சொல்லச் சொன்னாய். அப்படியும் சொன்னேன்.

அடுத்த வருடம் ஆள்காட்டி விரலும் போனது. மறுபடியும் பாய் கடை. இந்தத் தடவை உன்னைத் தாங்கிக்கொண்டு போனேன். முனையைத் திருகின்மேல் வைத்துச் சாய்ந்தால் தானாகச் சுற்றுகிற மெஷின் ஒன்றைப் பாய் எங்கோ சொல்லி வரவழைத்திருந்தார். விரலுக்கு வேலை இல்லை, உடம்பின் பாரம் போதும். ஆனால் அதில் பழைய வகை பேட்டரி. நாள் முழுக்கச் சார்ஜ் ஏற வேண்டும். ஊரில் மின்வெட்டு கூடிக்கொண்டே போன சமயம். இரண்டு குறையையும் சொல்லிவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணு வராது. வந்தாலும் பிடிக்க நான் இருக்க மாட்டேன். இதக் குடுங்க" என்றாய்.

அந்த மெஷினால் நீ செய்த பெரிய வேலை ஒன்றுதான். குளியலறைச் சுவரில் நீ பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி. எலக்ட்ரீஷியன் முருகேசன் செம்பட்டியிலிருந்து வந்து சுவரில் நான்கு துளை போட்டு, திருகு பிடிக்க அவற்றுக்குள் பிளாஸ்டிக் கட்டை அடித்துக் கொடுத்தான். "நானே மாட்டிடுறேன்க்கா" என்று கெஞ்சினான். நீ விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெஷினை நெஞ்சோடு அணைத்துச் சாய்ந்து சாய்ந்து திருகை ஏற்றினாய். நடுவே கரண்ட் போனது. முற்பகல் முழுக்க ஆனது. கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் ஸ்டெல்லாவுக்கு போன் போடச் சொன்னாய். "நாலு ஸ்க்ரூடி. நாலும் நானு" என்று நீ சொன்னபோது உன் குரல் குழறியது. சந்தோஷத்தாலா நோயாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு என்னிடம் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை கம்பி உன் கையோடு வந்துவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு நெஞ்சில் சளி கட்டியது. இருமித் தள்ளத் தசையில் பலம் இல்லை. முருகேசன் வார்டு வாசலில் நின்று அழுதான். "ஈரச் செவரு சார். கட்ட பிடிக்கல. என் தப்பு. இன்னும் ஆழமாப் போட்டிருக்கணும்." நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் நீ என்னைக் கிட்டே வரச் சொன்னாய். வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும்.

"மேல, வலது பக்கத்து ஸ்க்ரூ... எடவெளி இருந்துச்சு. பாத்தீங்களா?"

"இல்லயே."

"நான் பாத்தேன். எட்டல, சாய முடியல. சொல்லவும் வெக்கமா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "நீங்க வந்து முடுக்கிருப்பீங்கன்னு நெனச்சேன். சொன்ன பேச்ச என்னைக்குக் கேட்டிருக்கீங்க?"

உன் முகத்தில் கோபம் இல்லை. லேசாகச் சிரிக்கப் பார்த்தாய்.

"நான் பாக்கவே இல்லம்மா" என்றேன்.

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவில்லை. பதினொரு நாளில் நீ போய்விட்டாய்.

பார்த்தேன். நீ மாட்டிய அன்றே, குளிக்கப் போனபோது பார்த்தேன். நான்காவது திருகின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும். நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. மறுநாள் அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு குளியலறை வாசல் வரைக்கும் வந்தேன். உன் சிவப்புக் கோடு அந்த இடைவெளியின்மேல் பாலம் மாதிரிக் கிடந்தது. திரும்பிப் போய்த் திருப்புளியை வைத்துவிட்டேன்.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான் உண்மை. உன்னைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, நான் களைத்துப் போயிருந்தேன். அன்றைக்குத் திருடனைப் பிடித்த மாதிரி நீ என்னைப் பிடித்து நிறுத்தியது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. தொடக்கூடாது என்றாயே, இப்போது பட்டுக்கொள் என்று ஒரு வீம்பு. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. அந்த நொடியில்தான் நான் திரும்பிப் போனேன். முடுக்கக்கூட வேண்டாம். "அந்தத் திருகு சரியாக உட்காரவில்லை, மறுபடி வைத்துப் பாரேன்" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ நாற்காலியைத் தள்ளச் சொல்லியிருப்பாய். அவ்வளவுதான் வேலை.

முடுக்கியிருந்தாலும் ஈரச் சுவர் விட்டிருக்குமா, தெரியாது. முருகேசன் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னான். ஸ்டெல்லாவும் அதைத்தான் நம்புகிறாள். அவன் தலையில் அதை ஏற்றிவிட்டு நான் சும்மா இருந்தேன்.

இன்று காலை முதல் பேருந்தில் செம்பட்டிக்குப் போனேன். உன்னிடம் எழுதுமுன் உயிரோடு இருக்கிற ஒருவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. முருகேசன் வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். எழுந்து லுங்கியை இறக்கிவிட்டு, "வாங்க சார், காப்பி சாப்பிடுங்க" என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இடைவெளி, நகம், திருப்புளி, உன்னிடம் சொன்ன பொய். அவன் சுற்றிய வயரைக் கீழே வைத்தான்.

"அக்கா போனதுல இருந்து செவத்துல துள போடுற வேலைக்கே நான் போறதில்ல சார்" என்றான். "இத நீங்க அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

வயரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். பிறகு உள்ளே போய்விட்டான். காப்பி வரவில்லை. வெயில் ஏறும் வரை அந்த வாசலில் நின்றுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

நீ "அப்பச் சரி" என்றபோது என்னை நம்பினாயா, இல்லை தெரிந்துகொண்டே என்னை விட்டுவிட்டாயா? ஒன்றரை வருடமாக அந்த இரண்டு சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து முருகேசன் கேட்டதும் சேர்ந்துகொண்டது.